முதியோர் பராமரிப்பு இல்லத்தின் தரத்தை எப்படி எடைபோடுவது?

நர்சிங் ஹோம் என்றதும் நம்மில் பலருக்கு ஒரு சின்ன தனியார் மருத்துவமனைதான் ஞாபகத்துக்கு வரும். பிரசவத்துக்கும் குடல்வால் ஆபரேஷனுக்கும் போய்ப் படுக்கிற இடம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை. பல நாடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தானாகக் குளிக்கவோ, உடுத்தவோ, கழிப்பறைக்குப் போய்வரவோ முடியாமல் போன முதியவர்கள் மாதக்கணக்கில், பல நேரம் கடைசி வரைக்கும், தங்கி வாழும் இல்லம் அது. குழப்பம் வராமல் இருக்க, இங்கே பராமரிப்பு இல்லம் என்றே சொல்கிறேன்.

அப்படிப்பட்ட ஒரு இல்லம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

மருத்துவமனை என்றால் கேட்பதற்கு நேரான கேள்வி ஒன்று உண்டு: போனவர் குணமாகி வந்தாரா? இல்லத்துக்கு அது பொருந்தாது. அங்கே இருப்பவருக்கு 85 வயது இருக்கலாம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருக்கலாம். மறதிநோய் ஏழெட்டு வருடமாக முற்றிக்கொண்டே வந்திருக்கலாம். எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் போன வருடம் இருந்ததைவிட இந்த வருடம் தளர்ந்துதான் இருப்பார். மோசமான இல்லங்கள் இந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கின்றன. உடம்பு இளைத்துவிட்டதே என்று கேட்டால் "வயசாயிடுச்சு இல்லையா" என்பார்கள். பேச்சே குறைந்துவிட்டதே என்றாலும் அதே பதில். முதுகில் புண் வந்திருக்கிறதே என்றாலும் அதேதான்.

அதனால் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தத் தளர்ச்சி நோய் கொண்டுவந்ததா, கவனிப்பு இல்லாததால் வந்ததா? தரத்தை அளக்கும் கருவிகள், பட்டியல்கள், நட்சத்திரக் குறிகள் எல்லாமே இந்த ஒரு கேள்விக்கு விடை தேடும் முயற்சிகள்தான். அமெரிக்காவில் 1986-இல் அந்நாட்டு மருத்துவக் கழகம் பராமரிப்பு இல்லங்களின் அவல நிலையைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அதையொட்டி 1987-இல் சட்டம் வந்தது. ஒருவருடைய உடல், மன, சமூக நலன் அவருக்கு எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலையை அடையவோ அந்த நிலையிலேயே நிலைக்கவோ இல்லம் உதவ வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். சரிவு ஏற்பட்டால், அது தவிர்க்கவே முடியாதது என்று மருத்துவ ரீதியாகக் காட்ட வேண்டிய பொறுப்பு இல்லத்துடையது. "வயசாயிடுச்சு" என்ற பதில் இதற்குப் பிறகு செல்லாது. நான் படித்த வரையில், இந்தத் துறையில் நடந்த முக்கியமான மாற்றம் இதுதான்.

மூன்று அடுக்குகள்

தரத்தைப் பற்றி யார் பேசினாலும் ஒரு பெயர் வந்துவிடும்: அவெடிஸ் டொனபீடியன். பெய்ரூட்டில் பிறந்த மருத்துவர், பிறகு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1966-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவக் கவனிப்பின் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம் என்றார். முதலாவது அமைப்பு: கட்டடம், ஆட்கள், அவர்களுடைய பயிற்சி, கருவிகள். இரண்டாவது செயல்முறை: அந்த ஆட்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள். மூன்றாவது விளைவு: அதனால் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று.

சமையலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அடுப்பும் பாத்திரமும் சமையல்காரரும் அமைப்பு. சமைக்கும் விதம் செயல்முறை. சாப்பிட்டவரின் வயிறு நிறைந்ததா என்பது விளைவு. நல்ல அடுப்பு இருந்தால் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அடுப்பே இல்லாத இடத்தில் சாப்பாட்டை எதிர்பார்க்கவும் முடியாது.

இல்லத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிற குடும்பத்தார் பெரும்பாலும் முதல் அடுக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். பளிச்சென்ற தரை, தோட்டம், வரவேற்பறையில் சோபா. அவை இருப்பதில் தவறில்லை. ஆனால் உள்ளே இருப்பவர் அந்த சோபாவில் உட்காரப் போவதில்லை.

ஆட்கள் எத்தனை பேர்

அமைப்பு என்ற அடுக்கில் உண்மையிலேயே முக்கியமானது ஒன்றே ஒன்றுதான் என்பேன்: ஆட்கள். எத்தனை பேர், என்ன பயிற்சி, எவ்வளவு காலமாக வேலையில் இருக்கிறார்கள்.

இதை அளக்க உலகளவில் புழங்கும் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரக் கவனிப்பு என்பது. அமெரிக்க அரசுக்காக 2001-இல் முடிக்கப்பட்ட ஓர் ஆய்வு, நீண்ட காலம் தங்கியிருப்பவருக்கு மொத்தம் 4.1 மணி நேரம் வேண்டும், அதற்குக் கீழே போனால் தரம் பாதிக்கப்படும் என்று கணக்கிட்டது. அதில் 2.8 மணி நேரம் உதவியாளர்களுடையது, மீதி நர்ஸ்களுடையது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 பேர் இருக்கும் இல்லத்துக்கு இது ஒரு நாளைக்கு 123 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால், மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து 16 பேராவது வேலைக்கு வர வேண்டும். மேலாளர், சமையல்காரர், கணக்கு எழுதுபவர் எல்லாம் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

"எங்களிடம் ஆறு பேருக்கு ஒருவர் இருக்கிறார்" என்று ஓர் இல்லம் சொன்னால், எந்த ஷிப்டில் என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு இருக்கும் எண்ணிக்கை வேறு, இரவு இரண்டு மணிக்கு இருப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை இன்னும் வேறு. அமெரிக்காவில் பல வருடம் இல்லங்களே தங்கள் ஆள் எண்ணிக்கையை அரசுக்கு எழுதிக் கொடுத்து வந்தன. 2016-இலிருந்து சம்பளப் பதிவேட்டை வைத்து எண்ணத் தொடங்கியதும், நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறி இறங்குவதும், சனி ஞாயிறுகளில் ஆட்கள் நன்றாகவே குறைவதும் வெளியே தெரிந்தன. இப்போது வார இறுதி எண்ணிக்கையும், வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதமும் அந்நாட்டுத் தர மதிப்பீட்டில் தனியாகவே சேர்க்கப்படுகின்றன.

வேலையை விட்டுப் போவது அவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். பேச முடியாத ஒருவரின் முகச்சுளிப்பு வலியைக் காட்டுகிறதா, வெறும் வெயில் கண்ணில் படுகிறதா என்று தெரிய, அவரோடு மாதக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகங்கள் மாறும் இடத்தில் அந்த அறிவு யாரிடமும் சேர்வதில்லை. ஒரு உதவியாளரைத் தனியாகப் பார்க்க நேர்ந்தால் "நீங்கள் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். மேலாளர் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்த ஒற்றைப் பதில் அதிகம் சொல்லும்.

ஒரு டம்ளர் தண்ணீர்

இரண்டாவது அடுக்கான செயல்முறையைப் பற்றி எனக்குப் புரிய வைத்தது என் பெரியம்மாவின் தண்ணீர் டம்ளர். பக்கவாதத்தில் அவருக்கு வலது கை போய்விட்டது. அவர் இருந்த இல்லத்தில் தினமும் காலையில் சுத்தமாகக் கழுவிய டம்ளரில் தண்ணீர் வைத்துவிடுவார்கள். கட்டிலுக்கு வலது பக்க மேசையில். மாலையில் நான் போகும்போது தண்ணீர் அப்படியே இருக்கும். பெரியம்மாவின் உதடு வெடித்திருக்கும், நாக்கு உலர்ந்திருக்கும். பதிவேட்டிலோ "தண்ணீர் கொடுக்கப்பட்டது" என்று இருக்கும். அதை எழுதியவர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் வைத்தது உண்மைதான். மேசையை இடது பக்கம் நகர்த்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நல்ல இல்லத்தில் இது நடக்காமல் இருக்க ஒரு வழிமுறை இருக்கும். சேர்ந்த சில நாட்களுக்குள் அவரால் எதெல்லாம் முடியும், எதெல்லாம் முடியாது என்று முழுமையாகப் பரிசோதிப்பார்கள். சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரின் குழு 1963-இல் வெளியிட்ட ஒரு சின்ன அளவுகோல் இதற்கு இன்றும் பயன்படுகிறது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது ஆகிய ஆறில் எத்தனையை அவர் தானாகச் செய்கிறார் என்று அது பார்க்கிறது. இந்தப் பரிசோதனையை வைத்து அவருக்கென்று ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதுவார்கள். "இடது கையால் குடிப்பார், மேசை இடது பக்கம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நினைவூட்ட வேண்டும்" என்று அதில் இருக்கும். காலையில் வரும் உதவியாளருக்கும் இரவில் வருபவருக்கும் அது தெரிந்திருக்கும். உடல்நிலை மாறினால் திட்டமும் மாறும்.

எனவே திட்டத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பெயரை மாற்றினால் அடுத்த கட்டிலுக்கும் பொருந்துகிற திட்டம் என்றால், அது அந்த மனிதருக்காக எழுதப்பட்டது இல்லை.

சாப்பாட்டு நேரமும் இதே கதைதான். மெல்லவும் விழுங்கவும் சிரமப்படுகிறவருக்கு ஊட்டி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒரு உதவியாளர் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு ஊட்ட வேண்டியிருந்தால் என்ன ஆகும்? நின்றுகொண்டே ஊட்டுவார். முந்தைய வாய் இறங்குவதற்குள் அடுத்த ஸ்பூன் வரும். வாயைத் திருப்பிக்கொண்டால் "வேண்டாமாம்" என்று தட்டு போய்விடும். இப்படி அவசரமாக ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியா வருவதும் உண்டு.

உடம்பு சொல்லும் சாட்சி

விளைவு என்ற மூன்றாவது அடுக்குக்கு வருவோம். இதில் படுக்கைப்புண்ணைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நோயா, கவனிப்புக் குறைவா என்ற கேள்விக்கு இந்த அளவுக்குத் தெளிவாகப் பதில் தரும் அடையாளம் வேறு இல்லை.

நாம் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்தால் சில நிமிடங்களில் நமக்கே தெரியாமல் அசைகிறோம். அசைய முடியாதவருக்கு எலும்பு துருத்தியிருக்கும் இடங்களில் சதை எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிறது. ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. தோல் செத்துப்போகிறது. முதுகின் அடியில் வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகியவைதான் அதிகம் அடிபடும் இடங்கள். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது. சிவந்திருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது. இரண்டாம் நிலையில் மேல்தோல் போய்விடும். மூன்றாம் நிலையில் கொழுப்பு வரை குழி விழும். நான்காம் நிலையில் தசையோ எலும்போ தெரியும். கருத்த தோல் உள்ளவர்களுக்கு முதல் நிலைச் சிவப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கையை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியும். பிரேடன் அளவுகோல் என்று ஒன்று 1987 முதல் இருக்கிறது. வலியையும் அழுத்தத்தையும் உணரும் திறன், தோலின் ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், ஊட்டச்சத்து, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். 23 வரை வரலாம், குறையக் குறைய ஆபத்து அதிகம். கணித்த பிறகு செய்ய வேண்டியதும் தெரிந்ததே: குறிப்பிட்ட இடைவெளியில் திருப்பிப் படுக்க வைப்பது, குதிகாலை மெத்தையில் படாமல் தலையணை வைத்துத் தூக்கிவைப்பது, நனைந்த டயப்பரை உடனே மாற்றுவது, புரதம் போதுமான அளவு கொடுப்பது, தேவைப்பட்டால் காற்று மெத்தை. எதிலும் பெரிய மருத்துவ வித்தை இல்லை. ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதனால்தான் பெரும்பாலான படுக்கைப்புண்களைத் தடுத்துவிட முடியும் என்கிறார்கள். மரணத்தின் விளிம்பில் இருக்கும் சிலருக்கு எவ்வளவு பார்த்தும் வந்துவிடுவது உண்டு. அந்த விதிவிலக்கை எல்லோருக்கும் சொல்லிச் சமாளிக்க விடக்கூடாது.

திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் தாள் பல இல்லங்களில் கட்டில் ஓரத்திலேயே தொங்கும். ஒருமுறை மாலை நாலரை மணிக்கு அந்தத் தாளைப் பார்த்தேன். காலை ஆறு, எட்டு, பத்து என்று சரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிக். ஒரே பேனா, ஒரே சாய்வு. இரவு எட்டு மணிக்கும் டிக் இருந்தது. நேர்மையான தாளில் நேரங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், "மகளோடு பேசிக்கொண்டிருந்தார், 20 நிமிடம் கழித்து" என்று ஒரு கிறுக்கல் இருக்கும். அது நிஜ மனிதர்கள் செய்த வேலை என்று தெரியும்.

இன்னொரு சாட்சி எடை. மாதம் ஒருமுறை எடை பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அதைக் கவலைக்குரிய இழப்பாகக் கணக்கில் எடுக்கிறார்கள். 60 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 57 ஆனால் காரணம் தேட வேண்டும். பல்செட் பொருந்தவில்லையா, விழுங்க முடியவில்லையா, மனச்சோர்வா, ஊட்டிவிட ஆள் இல்லையா? எடை குறைந்தது தெரிந்தும் யாரும் காரணம் தேடவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான்.

கட்டுவதும் மயக்குவதும்

எழுந்து நடந்தால் விழுந்துவிடுவார் என்று நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டிவைப்பது ஒரு காலத்தில் பாதுகாப்பான முறை என்றே நம்பப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க இல்லங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படிக் கட்டப்பட்டிருந்தார். 1987 சட்டம் சிகிச்சைக்குத் தேவையில்லாத கட்டுகளைத் தடுத்தது. பிறகு அந்த எண்ணிக்கை படிப்படியாக மிகச் சில சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கட்டி வைப்பதால் பலத்த காயங்கள் குறைவதில்லை என்று ஆய்வுகளும் காட்டின. கட்டப்பட்டவரின் தசை கரைகிறது, மலச்சிக்கல் வருகிறது, படுக்கைப்புண் வருகிறது. அவிழ்த்துவிட்ட நாளில் முன்பைவிட எளிதாக விழுகிறார்.

கயிறு இல்லாமல் கட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. மறதிநோயாளி சத்தம் போடுகிறார், இரவில் அலைகிறார் என்பதற்காக மனநோய்க்கான மருந்துகளைக் கொடுத்து அடக்குவது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இந்த மருந்துகளால் இறப்பு ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புதுவகை மருந்துகளுக்கு 2005-இலும், பழைய வகைகளுக்கு 2008-இலும் கடுமையான எச்சரிக்கை விதித்தது. சில நேரங்களில் இந்த மருந்து உண்மையாகவே தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் சத்தம் போடுகிறவருக்கு வலி இருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், வெறுமனே பயமாக இருக்கலாம். அதைத் தேடிப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. பகல் பதினொரு மணிக்குக் கூடத்தில் இருக்கும் எல்லோருமே தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால், மருந்துச் சீட்டுகளைப் பற்றிக் கேட்க வேண்டிய இடம் அது.

எண்களை நம்பலாமா

நம்பலாம், ஆனால் பின்னால் இருப்பதைக் கேட்டுவிட்டு. வருடத்துக்கு 40 பேர் விழுகிற இல்லமும் 10 பேர் விழுகிற இல்லமும் இருந்தால் எது நல்லது? இரண்டாவதில் யாரையும் நாற்காலியை விட்டு எழ விடுவதில்லை என்றால்? முதலாவதில் தினமும் நடக்கப் பழக்குகிறார்கள், சின்ன வழுக்கலையும் மறைக்காமல் எழுதுகிறார்கள் என்றால்? அதேபோல, மருத்துவமனையிலிருந்து மோசமான நிலையில் வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இல்லத்தில் படுக்கைப்புண் எண்ணிக்கை கூடுதலாகவே தெரியும். புண் வரும்போதே இருந்ததா, வந்த பிறகு வந்ததா என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்பிடுவது அநியாயம்.

அமெரிக்க அரசு 2008 டிசம்பரில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வரும் ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு, ஆள் எண்ணிக்கை, உடல்நலக் குறியீடுகள் என்று மூன்றையும் சேர்த்த மதிப்பீடு அது. குறியீடுகளில் பல, இல்லமே நிரப்பி அனுப்புகிற படிவத்திலிருந்து வருபவை. சிக்கல் அங்கேதான். மனநோய் மருந்து எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கணக்கில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. உடனே சில இல்லங்கள் ஆதாரமே இல்லாமல் அந்த நோயைப் பதிவேட்டில் எழுதத் தொடங்கின. 2023-இல் இதைத் தணிக்கை செய்யவே அரசு தனியாக இறங்க வேண்டியிருந்தது. ஆகவே மூன்றில் நேரடி ஆய்வின் அறிக்கையைத்தான் நான் முதலில் படிப்பேன். அதில் என்ன குறை, எப்போது, திருத்தினார்களா என்பதெல்லாம் இருக்கும். இங்கிலாந்தின் கண்காணிப்பு ஆணையமும் இப்படி அறிக்கைகளை வெளியிடுகிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவு இருக்கிறதா, தேவைக்கு ஏற்ப நடக்கிறதா, நிர்வாகம் சரியா என்று ஐந்து கேள்விகளை அது கேட்கிறது.

எந்தப் படிவத்திலும் அடங்காத ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் அதைப் பார்ப்பதற்கே ஒரு முறையை உருவாக்கினார். பார்வையாளர் ஒருவர் கூடத்தின் ஒரு மூலையில் மணிக்கணக்கில் அமைதியாக உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மறதிநோயாளியும் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறித்துக்கொள்வார். தலைக்கு மேலே இரண்டு உதவியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, சொல்லாமல் கொள்ளாமல் சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து இழுப்பது, குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சுவது என்று, யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாத ஆனால் ஒரு மனிதரைப் பொருளாக்கிவிடுகிற செயல்களை கிட்வுட் வரிசைப்படுத்தினார். பேசும் மொழியிலேயே இது தெரிந்துவிடும். நாற்பது வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவரை "நீ சாப்டியா?" என்று கேட்கிறார்களா, "சாப்பிடலாமா டீச்சர்?" என்கிறார்களா?

போய்ப் பார்க்கும்போது

இதே வேலையை நீங்களும் செய்யலாம். சொல்லிவிட்டு ஒருமுறை போங்கள், சொல்லாமல் ஒருமுறை போங்கள். இரண்டாவது முறை சாப்பாட்டு நேரத்திலோ, மாலை ஏழு மணிக்கு மேலோ, ஞாயிற்றுக்கிழமையோ இருக்கட்டும். கூடத்தில் 20 நிமிடம் சும்மா உட்காருங்கள். அழைப்பு மணி அடித்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மணி கைக்கு எட்டுகிறதா, சுவரோரம் தொங்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு அறையில் எப்போதாவது சிறுநீர் வாடை வந்தால் அது பெரிய விஷயமில்லை, யாருக்கோ இப்போதுதான் நேர்ந்திருக்கும். இல்லம் முழுக்க, எந்த நேரம் போனாலும் அந்த வாடை என்றால் மாற்ற ஆளில்லை என்று பொருள். எந்நேரமும் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

அங்கே ஏற்கெனவே இருப்பவர்களைப் பாருங்கள். நகம் வெட்டியிருக்கிறதா, பல் துலக்கியிருக்கிறதா, கண்ணாடியில் விரல் ரேகை அப்பியிருக்கிறதா, காது மெஷினில் பேட்டரி இருக்கிறதா. அழுக்கான கண்ணாடியோடு உட்காரவைக்கப்பட்டவர் முன்னால் பெரிய டிவி இருந்து என்ன?

சேர்த்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போகும்போதெல்லாம் குதிகாலைத் தொட்டுப் பாருங்கள், உதட்டைப் பாருங்கள், எடைக் குறிப்பைக் கேளுங்கள். குறை தெரிந்தால் தேதி போட்டு எழுதிவைத்து, முதலில் அந்த ஷிப்டின் நர்ஸிடம் அமைதியாகச் சொல்லுங்கள். உதவியாளரைக் கத்துவதில் பயனில்லை. பெரும்பாலும் அவரும் ஒரே ஆளாக பத்துப் பேரைச் சமாளித்துக்கொண்டிருப்பவர். குறை சொன்னதும் இல்லம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். பெரியம்மாவின் டம்ளரைப் பற்றி நான் முதலில் சொன்னபோது "தினமும் வைக்கிறோமே" என்று பதிவேட்டைக் காட்டினார்கள். அடுத்த வாரம் இன்னொரு நர்ஸிடம் சொன்னேன். அவர் பதிவேட்டை எடுக்கவில்லை. அறைக்கு வந்து, கட்டிலில் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தப் பக்கம் வச்சா உங்களுக்கு வசதிம்மா?" என்று அவரிடமே கேட்டார். பெரியம்மா இடது கையைத் தூக்கிக் காட்டினார்.